இரண்டாம் கேள்விக்கு எழுதப்பட்ட பதில்கள்

2022ஆம் ஆண்டு பெங்களூரில் மர்ஃபி டவுனிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு வீடு மாறியபோது, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் பட்டுப் புடவைக்குக் கீழே, ஒரு கோடுபோட்ட நீள நோட்டு கிடைத்தது. அட்டையில் என் கையெழுத்தில் ‘ஜூன் 2004, பத்தாம் வகுப்பு’ என்று இருந்தது. அந்த நாட்களில் நான் பகலில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, மாலை 6 மணி முதல் 8 மணி வரை அல்சூரில் ஒரு மாடி அறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தேன். பெயின்டர், கொத்தனார், வீட்டு வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர் ஆகியோரின் பிள்ளைகளே பெரும்பாலும் வந்தார்கள். பலருடைய தாத்தாவோ அப்பாவோ வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள்.

அந்த ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் 26 பிள்ளைகளிடமும் அந்த நோட்டைச் சுற்றுக்கு விட்டு, ஆளுக்கு ஒரு பக்கத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னேன். ‘25 வயதில் என்ன வேலையில் இருப்பாய்?’ என்பது முதல் கேள்வி. ‘அதற்கு என்ன செய்ய வேண்டும்?’ என்ற இரண்டாம் கேள்வியை, பக்கத்தில் இடம் மீதி இருக்கிறதே என்பதற்காகத்தான் சேர்த்தேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

முதல் கேள்விக்கு 9 பேர் ‘சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்றும், 5 பேர் ‘டாக்டர்’ என்றும், 4 பேர் ஆசிரியர் என்றும், 3 பேர் போலீஸ் அல்லது கலெக்டர் என்றும் எழுதியிருந்தார்கள். தொழிற்சாலை வேலை என்று எழுதியவர்கள் 2 பேர். ரயில்வே என்று ஒருவனும், விமானி என்று ஒருத்தியும் எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு பெண், ‘தெரியவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

என் வயதொத்தவர்கள் பள்ளியில் படித்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பாதிப் பேர் எச்.ஏ.எல். என்றோ எச்.எம்.டி. என்றோ எழுதியிருப்பார்கள். 1940இல் விமானம் செய்யும் எச்.ஏ.எல்., 1948இல் தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ., 1953இல் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி., 1954இல் மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். என்று இந்த நகரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பொதுத்துறை ஆலைகள்தாம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், கேண்டீன் சாப்பாடு ஆகியவற்றை முதன்முதலில் காட்டின. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது முதல் கண்ணுக்குத் தெரியும் கட்டடங்கள் மாறத் தொடங்கின. பிள்ளைகளின் ஆசையும் கூடவே மாறியது. வீட்டிலும் தெருவிலும் எதைப் பார்க்கிறார்களோ அதைத்தான் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. பல நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் பீசா ஆய்வின் 2018ஆம் ஆண்டுச் சுற்றை வைத்து, அதை நடத்தும் பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 2020இல் வெளியிட்ட அறிக்கையில், 41 நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளில், பெண்களில் 53 விழுக்காட்டினரும் ஆண்களில் 47 விழுக்காட்டினரும் வெறும் 10 வேலைகளில் ஏதேனும் ஒன்றையே எதிர்பார்க்கிறார்கள் என்று கண்டிருந்தது. இந்தியா அந்தச் சுற்றில் பங்கேற்கவில்லை. ஆனால் என் நோட்டின் 26 பக்கங்களும் அதையே சொல்லின.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 26 பேரில் 17 பேர், ஏறக்குறைய ஒரே சொற்களில், ‘நன்றாகப் படிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். 4 பேர் எதுவும் எழுதவில்லை. மீதி 5 பேர்தான் அடுத்து வரும் ஒரு படியையாவது பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். அந்த 17 பக்கங்களிலும் நான் சிவப்பு மையால் ‘டிக்’ போட்டு, சிலவற்றில் ‘நன்று’ என்றும் எழுதி, ஒற்றுப்பிழைகளைத் திருத்தியிருந்தேன். 18 ஆண்டுகள் கழித்து அந்தச் சிவப்பு அடையாளங்களைப் பார்த்தபோது மனம் மிகவும் கனத்துப்போனது. எந்தப் பாடப்பிரிவு, எத்தனை ஆண்டு, எந்தத் தேர்வு, எவ்வளவு பணம் என்று ஒரு பிள்ளையிடமும் நான் திருப்பிக் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த நானே கேட்கவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்த ஒன்றரை ஆண்டில், பழைய மாணவர்கள் வழியாகவும் அவர்கள் வீட்டாரிடம் விசாரித்தும் 19 பேரைத் தேடிப் பேசினேன். அவர்களில் 7 பேர் தாங்கள் எழுதிய வேலையிலோ அதே துறையிலோ இருக்கிறார்கள். அடுத்த படியைப் பெயர் சொல்லி எழுதிய 5 பேரும் கிடைத்தார்கள். அவர்களில் 4 பேர் இந்த ஏழில் அடக்கம். மற்ற 14 பேரில் 3 பேர்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு மாடி அறையின் கணக்கை வைத்து ஊருக்கெல்லாம் விதி சொல்லிவிட முடியாது என்பதை நான் அறிவேன். ஆயினும் பிரிட்டனில் 1970ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளிவந்த ஒரு கட்டுரையும் இதையொட்டியே பேசுகிறது: 16 வயதில் என்ன வேலை என்று முடிவு செய்யாதவர்களும், விரும்பிய வேலைக்குத் தேவையான அளவுக்குப் படிக்கும் திட்டம் இல்லாதவர்களும், பள்ளியை விட்டபின் படிப்பும் இன்றி வேலையும் இன்றி இருக்க நேரும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவு. ஆசையின் அளவைக் காட்டிலும், ஆசைக்கும் படிப்புக்கும் இடையில் இணைப்பு இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி என்று அதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

‘சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரு மாணவனை, அப்போது 33 வயது ஆகியிருந்தவரை, மாரத்தஹள்ளியில் அவருடைய அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் சந்தித்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 48 மதிப்பெண் வாங்கியதால், பி.யூ.சி.யில் (பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில்) கணக்கு வேண்டாம் என்று காமர்ஸ் பிரிவில் சேர்ந்துவிட்டார். பொறியியலுக்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயம் என்பது அவருக்கு இரண்டாம் ஆண்டில் நண்பன் ஒருவன் சி.இ.டி. நுழைவுத்தேர்வு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. “மிஸ், ஃபார்ம்ல எந்த சப்ஜெக்ட்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தேன்” என்றார். பி.காம். முடித்து, இரவு நேரக் கால் சென்டரில் சேர்ந்து, இப்போது ஒரு வங்கியின் பின்னணி வேலைகளைச் செய்யும் நிறுவனத்தில் 14 பேரை மேற்பார்வை செய்கிறார். நல்ல வேலை, நல்ல மனிதர். அவருடைய வாழ்க்கையைத் தோல்வி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவரும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் 15 வயதில், ஒரு மதிப்பெண்ணுக்குப் பயந்து எடுத்த ஒரு முடிவு எந்தக் கதவைச் சாத்துகிறது என்பதைச் சொல்ல அவருக்கு அருகில் ஒருவரும் இல்லை. நான் இருந்தேன், சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான பக்கம் ஒன்று உண்டு. ‘அப்பாவைப் போல ஃபிட்டர்’ என்று எழுதிய பையனின் பதில் எனக்கு அன்று சற்று ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் கெட்டிக்காரன், இன்னும் பெரிதாக நினைக்கலாமே என்று அவனிடமே சொன்னேன். அவனோ இரண்டாம் கேள்விக்குக் கீழே, ‘ஐ.டி.ஐ. 2 வருடம், அப்புறம் அப்ரென்டிஸ் 1 வருடம்’ என்று எழுதியிருந்தான். இந்த ஐ.டி.ஐ. என்பது தொழிற்பயிற்சி நிலையம், முன்பு சொன்ன ஆலை அன்று. பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்த அவனுடைய அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் நுண்ணிய அளவுகளை அளக்கும் பழைய வெர்னியர் ஒன்றைக் கையில் கொடுத்து, வீட்டிலிருந்த ஆணி, குழாய், தம்ளரின் விளிம்பு என்று எல்லாவற்றையும் அளக்கச் சொல்வாராம். முக்கிய அளவுகோலில் எதைப் படிப்பது, சிறிய அளவுகோலில் எந்தக் கோடு நேராகப் பொருந்துகிறது என்று பார்த்து, இரண்டையும் கூட்டிச் சொல்லும் வரை தம்ளரைக் கீழே வைக்க விடமாட்டாராம். ஐ.டி.ஐ.யில் முதல் மாதத்திலேயே அவன் மற்றவர்களைவிட முன்னால் நின்றதற்கு அந்தத் தம்ளர்தான் காரணம்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி முடித்தவன், வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் ஐ.டி.ஐ. படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2ஆம் ஆண்டில் சேரலாம் என்பதைச் சக தொழிலாளி ஒருவரிடமிருந்து அறிந்து டிப்ளமோவும் முடித்தான். டிப்ளமோ படித்தவர்கள் அதேபோலப் பொறியியலின் 2ஆம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. இன்று அவன் ஒரு இயந்திர உதிரிபாக ஆலையில் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர். சிறிய ஆசை என்று நான் நினைத்த ஆசைதான், ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிந்ததால், தானாக வளர்ந்துகொண்டே போயிற்று.

‘டாக்டர்’ என்று எழுதிய ஐவரில் ஒருவர்கூட டாக்டர் ஆகவில்லை. அதில் வியப்பில்லை, இடங்கள் அவ்வளவு குறைவு. என்னைத் துன்புறுத்துவது வேறொன்று. அவர்களில் ஒரு பெண் பி.யூ.சி.யில் அறிவியல் பிரிவு எடுத்து, சி.இ.டி.யில் போதிய தரவரிசை கிடைக்காமல், ஓராண்டு முழுவதும் வீட்டில் அழுதுகொண்டு இருந்திருக்கிறாள். டாக்டர் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுச் செவிலியர் ஒருவர் ஒருநாள் அவளைத் தம் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்தபிறகுதான், ரத்தத்தைப் பிரித்துப் பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது, மருந்து கொடுப்பது, உடற்பயிற்சி சிகிச்சை, மயக்க மருந்து அறையில் உதவி என்று அந்த ஒரு கட்டடத்துக்குள் எத்தனை படிப்புகளும் எத்தனை வேலைகளும் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியவந்தது. ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படித்து, இப்போது ஒரு ரத்த வங்கியில் இருக்கிறாள். “ஆஸ்பத்திரிக்குள்ள வெள்ளைக் கோட்டு டாக்டர மட்டும்தான் மிஸ் எனக்குத் தெரியும், அந்த ஒரு வருஷத்த யார் திருப்பித் தருவா?” என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. முதல் விருப்பத்தை ஒரு பிள்ளை சொன்னவுடனே, அதே கூரையின் கீழ் இருக்கும் மற்ற இரண்டு மூன்று வேலைகளையும் சொல்லிவைப்பது நம் கடமை. முதல் விருப்பத்தைக் குறைத்துப் பேசாமல் அதைச் செய்ய முடியும்.

வழி தெரிந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியராக விரும்பிய ஒரு பெண், பி.யூ.சி., பிறகு ஆசிரியர் பயிற்சி, பிறகு தபால் வழியில் பி.ஏ. என்று மூன்று படிகளையும் ஆண்டுக் கணக்கோடு எழுதியிருந்தாள். 26 பக்கங்களில் மிகத் தெளிவான பக்கம் அதுதான். பி.யூ.சி. முதலாண்டில் அவளுடைய அப்பா இறந்துபோனார். இரண்டு தம்பிகள். அடுத்த மாதமே துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தாள். 19 வயதில் திருமணம். அவளுக்குக் குறைந்தது வழியைப் பற்றிய அறிவன்று. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயும், வீட்டுக்கு ஒரு வருமானமும்தான். இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது.

எங்களைப் போன்று வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றை ரயில்வே வேலைக்கு ஆசைப்பட்ட மாணவனின் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். அவனுடைய அப்பா 1970களில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மாநில அரசு வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்பதும், 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணையின்போது குடும்பத்தின் நிலையான வசிப்பிடம் எது என்பதே கணக்கில் கொள்ளப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரியவந்தன. அதே சமயம், சொந்த மாநிலத்துக்குரிய சான்றிதழ் மத்திய அரசு வேலைகளுக்குச் செல்லும். அவன் ரயில்வேயையே குறிவைத்திருந்ததால் தப்பித்தான். ஆனால் அப்பாவின் பழைய சான்றிதழைத் தேடி ஊருக்கு மூன்று முறை போய்வர வேண்டியிருந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் தாள்கள் கைக்கு வந்தன. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே சாதி, வருமானம், வசிப்பிடம் ஆகிய தாள்களைப் பெற்றோர் சரிபார்த்துவிட வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் அப்பாவின் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தமிழை முதல் மொழியாகப் படிக்கும் பிள்ளைகள் கன்னடத்தைத் தெருவில் சரளமாகப் பேசுவார்கள். ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். இந்த மாநில அரசின் வேலைக்கு அந்த எழுத்து அவசியம். அதையும் சிறு வயதிலேயே பழக்குவது நல்லது.

‘தெரியவில்லை’ என்று எழுதிய பெண்ணைப் பற்றி நான் மிகவும் அஞ்சினேன். பத்தாம் வகுப்போடு நின்று, கார்மென்ட்ஸில் ஹெல்பராகச் சேர்ந்து, மூன்று ஆண்டுகளில் டைலர், பிறகு லைன் சூப்பர்வைசர் என்று உயர்ந்திருக்கிறாள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று விதி வந்தபோது, 2016 ஏப்ரலில் இந்த நகரத்தின் ஆயத்த ஆடைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கி, மத்திய அரசு அதைத் திரும்பப் பெறும்படி செய்தார்கள். அவளும் ஓசூர் சாலையில் நின்றவள். அந்தப் பணம் மகனின் பள்ளிக் கட்டணத்துக்கென்று அவள் வைத்திருந்தது. பேசும்போது, “எனக்கு அப்ப நெஜமாவே தெரியல மிஸ். தெரியலன்னு எழுதினதுக்கு நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேன். ஒண்ணுமே கேக்கல” என்றாள். மற்றவர்களின் பக்கங்களில் இருந்த சிவப்பு ‘டிக்’ அவளுடைய பக்கத்தில் இல்லை. தெரியவில்லை என்று துணிந்து சொன்ன பிள்ளையிடம்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுத்த 22 ஆண்டுகளில் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம், “எந்த வேலையா இருந்தாலும் பண்ணுவேன், மேடம்” என்பது. பணிவோடும், பல நேரங்களில் பசியோடும் சொல்லப்படுவது அது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. எந்த இடத்தில் இவரைப் பொருத்துவது என்று அவருக்குத் தெரியாது. “ஸ்டோர்ஸில் இருந்திருக்கிறேன், சரக்குப் பதிவேடு எழுதத் தெரியும், டேலி கணக்கு மென்பொருளும் கற்றிருக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், அன்று இடம் இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் அவருடைய பெயர் நினைவுக்கு வரும். அப்படிப் பலரை நானே திரும்ப அழைத்திருக்கிறேன். வேலை தேடுகிற இளைஞர்கள் தாங்கள் செய்யக்கூடிய இரண்டு காரியங்களையாவது பெயர் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்றபின் லிங்கராஜபுரத்தில் மீண்டும் வகுப்பைத் தொடங்கியிருக்கிறேன். இப்போது பக்கத்தில் நான்கு கேள்விகள். என்ன வேலை; பத்தாம் வகுப்புக்குப் பின் முதலில் சேர வேண்டிய படிப்பு எது, அதில் கட்டாயப் பாடம் எது; அது கிடைக்காவிட்டால் அதே துறையில் அடுத்தது எது; அந்த வேலையைச் செய்யும் யாரை உனக்குத் தெரியும். ஜூனில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் எழுதச் சொல்கிறேன். முதலில் எழுதியதை அடித்துவிட்டு மாற்றலாம், அழிக்க மட்டும் கூடாது. நான்காம் கேள்விதான் பெரும்பாலும் காலியாக வருகிறது. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மாணவர்களில் ஒருவர் வந்து, தம்முடைய ஒருநாள் வேலையைக் காலையிலிருந்து மாலைவரை, சம்பளத்தையும் கடனையும் உட்பட, மறைக்காமல் சொல்கிறார்.

சென்ற மாதம் ரத்த வங்கிப் பெண் வந்தாள். உறைந்துபோகாமல் ரத்தத்தை எப்படி வைப்பார்கள், ஒரு பை எத்தனை நாள் தாங்கும், ராத்திரி ஷிஃப்டில் தூக்கம் வருமா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டிசம்பரில் ‘டாக்டர்’ என்று எழுதியிருந்த ஒரு சிறுமி, எல்லோரும் போனபின் அவளருகே வந்து நின்று, “அக்கா, உங்க படிப்புக்கு பி.யூ.சி.ல பயாலஜி மட்டும் போதுமா, கெமிஸ்ட்ரியும் வேணுமா?” என்று கேட்டாள். அவள் பதில் சொல்லச் சொல்ல, அந்தச் சிறுமி நோட்டைச் சுவரில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.